வெலிபோரின் பஸ் பின்னால் போகாது

1.

"இந்த பஸ்ல ரிவர்ஸ் கியர் இருக்கா?"

"இருக்கே. எல்லா பஸ்லயும் இருக்கும்."

"அதைக் கழட்டி வெச்சுட முடியுமா?"

ஐந்து வருடத்துக்கு முன்னால், விர்பிட்சா பேருந்து நிலையத்தில், ஒரு மார்ச் மாதக் காலையில் நடந்த பேச்சு இது. கேட்டவர் வெலிபோர்; எங்கள் ஊர் ஒராஹ் கால்பந்து அணிக்கு அன்றுதான் கோச்சாக வந்து சேர்ந்திருந்தார். பதில் சொன்னவள் தெசாங்கா. வெளியூர் ஆட்டங்களுக்கு அணியை ஏற்றிப் போகிற பஸ்ஸின் ஓட்டுநர். பக்கத்து பெஞ்சில் உட்கார்ந்து எள்ளு தூவிய வளைய ரொட்டியைத் தின்றுகொண்டிருந்தவள் நான். அணி எங்கே போனாலும் கூடவே போய்த் தொண்டை கிழியக் கத்துகிற ஐந்தாறு பேரில் நானும் ஒருத்தி.

தெசாங்கா கையைத் துணியில் துடைத்துக்கொண்டாள். ஆட்டத்துக்குப் போகிற பஸ் ஒரு சாண்கூடப் பின்னால் போகக் கூடாது, போனால் தோல்வி என்பது இங்கே எல்லா கோச்சுகளுக்கும் உள்ள நம்பிக்கைதான். அவளுக்கு அது புதிதல்ல.

"எல்லாரும் 'பின்னாடி எடுக்காதே'ன்னுதான் சொல்லியிருக்காங்க. கியரையே கழட்டச் சொன்னது நீங்கதான் முதல் ஆள்," என்றாள்.

"கை தவறிப் போட்டுட்டீங்கன்னா?"

"கோச், ரிவர்ஸ் ஓட்டுற போட்டியில மாவட்டத்துக்கே கோப்பை வாங்கினவ நான்."

"அதான் பயமா இருக்கு," என்றார் வெலிபோர், மிகுந்த மரியாதையோடு.

இந்தக் கதை அந்த பெஞ்சில் பிறந்தது என்று ஒப்புக்கொள்கிறேன். இரண்டு பேர் இப்படிப் பேசிக்கொண்டால் அவர்கள் கல்யாணத்தில்தான் போய் நிற்பார்கள் என்று, இருபது வருடமாகக் குடும்ப நாவல் எழுதுகிற கை உடனே அரித்தது. அரிப்பு ஐந்து வருடம் நீடிக்கும் என்று அன்றைக்குத் தெரியவில்லை.

2.

இதை நான் எழுதுகிறேன் என்பது இந்த வருடம் வெலிபோருக்கு எப்படியோ தெரிந்துவிட்டது. எங்கள் கட்டடத்தில் அவர் மூன்றாம் மாடி, நான் இரண்டாம் மாடி. ஒருநாள் கதவைத் தட்டி, வலது காலை முதலில் வைத்து உள்ளே வந்து, காபி வேண்டாம் என்று சொல்லி இரண்டு கோப்பை குடித்துவிட்டு, ஒரே ஒரு நிபந்தனை போட்டார். கதை பின்னால் போகக் கூடாது.

எனக்குப் புரியவில்லை. அவர் விளக்கினார். பழைய காலத்துக்குத் தாவக் கூடாது. எழுதினதை அடித்துவிட்டுத் திரும்ப எழுதக் கூடாது. "கிளம்பினா முன்னாடியே போகணும். இல்லேன்னா எழுதவே வேண்டாம். சீசன் முடிய இன்னும் நாலு ஆட்டம் பாக்கி."

அதற்குள் முதல் பகுதியை எழுதி முடித்திருந்தேன். அதை அழிப்பதும் பின்னால் போவதுதான் என்பதால் அது அப்படியே நிற்கிறது. இனிமேல் தவறாக எழுதிய வாக்கியங்களும் அப்படியே நிற்கும். வாசகர்கள் குழியைச் சுற்றி ஓட்டுவது போல அவற்றைச் சுற்றிக்கொண்டு வரவும்.

மே மாத வெயிலில் மொராவா ஆறு வெள்ளித் தகடாய் மின்ன, கரையோர மரங்களின் நிழலில்—

(வேண்டாம். மின்னுகிற ஆறு என்னுடைய எல்லா நாவலிலும் ஓடிவிட்டது.)

வெலிபோர் உயரமானவர், நரைத்த மீசைக்காரர், சோகம் ததும்பும் கண்கள்—

(பொய். அந்தக் கண்கள் எதிர்வெயிலில் பந்தைத் தேடித் தேடிச் சுருங்கியவை. சோகம் ததும்புவது என் வழக்கம், அவருடையது அல்ல.)

ஐம்பத்திரண்டு வயதில் ஒரு மனிதருக்கு ஒரு வாக்கியம் சொல்லத் தெரியவில்லை.

இதுதான் ஆரம்பம். தாமதமாக வந்திருக்கிறது; என்ன செய்வது, சுற்று வழி.

3.

அந்த வாக்கியம் என்ன என்பதை ஒளித்து வைத்துக் கடைசியில் எடுத்துக் காட்டுகிற சாமர்த்தியம் எனக்குக் கிடையாது. இப்போதே சொல்லிவிடுகிறேன். தெசாங்காவைத் தன் வீட்டு ஸ்லாவாவுக்குக் கூப்பிட வேண்டும். அவ்வளவுதான்.

ஸ்லாவா என்றால் குடும்பத்துப் புனிதரின் நாள். ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு புனிதர், ஒரு தேதி. அன்றைக்கு வீட்டுக்காரர் மெழுகுவத்தி ஏற்றி வைத்துவிட்டுக் காலையிலிருந்து இரவு வரை உட்காராமல் நின்றுகொண்டே வருகிறவர்களைக் கவனிப்பார். வெலிபோர் வீட்டில் அது நவம்பர் எட்டு. அந்த நாளுக்கு யாரையும் அழைக்கக் கூடாது, பிரியமுள்ளவர்கள் தானாக வருவார்கள் என்பது சிறு வயதில் அவர் கேட்ட விதி. விதி என்று எதைச் சொன்னாலும் அவருக்குப் போதும், பிடித்துக்கொள்வார்.

எனவே அவர் அழைக்கவில்லை. அதற்குப் பதிலாக, ஒவ்வொரு அக்டோபரிலும் பஸ்ஸின் முன்சீட்டில் உட்கார்ந்து, ஓட்டுநர் காதில் விழுகிற மாதிரி, எட்டாம் தேதி வீட்டில் ஸ்லாவா என்று கோல்கீப்பரிடம் சொல்வார். மறுவாரம் அதையே மருந்துப் பெட்டி தூக்குகிறவரிடம் சொல்வார். ஒருமுறை டோல்கேட் ஊழியரிடமும் சொன்னார். அந்த ஊழியர் வந்துவிட்டார். மனைவி, மைத்துனியோடு.

எட்டாம் தேதி அவர் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் ஜன்னலோரம் ஒரு நாற்காலியில் மட்டும் யாரையும் உட்கார விடமாட்டார். மணி அடிக்கும்போதெல்லாம் கதவுக்கு ஓடுவார். ஓடுகிற வேகம் பழைய ஃபார்வர்டு வேகம். திரும்பி வருகிற நடையை நான் வர்ணிக்க மாட்டேன். பின்னால் போவது கூடாதென்று வாக்குக் கொடுத்திருக்கிறேன்.

தெசாங்காவின் பக்கத்தையும் கேளுங்கள். நான் கேட்டிருக்கிறேன்.

"அவர் ஊருக்கெல்லாம் தேதி சொல்றார். எங்கிட்ட மட்டும் 'வாங்க'ன்னு ஒரு வார்த்தை வரல. தனியா இருக்கிற ஆம்பளை வீட்டுல நானாப் போய் மணி அடிக்கிறதா? போயிட்டு, 'என்ன விஷயம்'னு கேட்டுட்டார்னா?"

இருவரும் என்னிடம் தனித்தனியாகச் சொன்னார்கள். நான் ஒரு வார்த்தை இப்படியும் ஒரு வார்த்தை அப்படியும் எடுத்துச் சொல்லியிருந்தால் முதல் வருடமே முடிந்திருக்கும். சொல்லவில்லை. சொல்லியிருந்தால் கதை இரண்டு பக்கத்தில் முடிந்துவிடுமே என்று பயந்தேன். திட்டுவதானால் இப்போதே திட்டிவிடுங்கள், அடுத்த பகுதியில் கொஞ்சம் அடிக்குறிப்புகள் இருக்கின்றன.

4.

கதாநாயகன் யார், என்ன செய்தார் என்று சொல்லாமல் எப்படி? ஆனால் பழைய காலத்துக்குப் போகக் கூடாதாம். யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தேன். அடிக்குறிப்பு பின்னால் போவதில்லை, கீழே போகிறது. கீழே போவதைப் பற்றி அவர் எதுவும் சொல்லவில்லை.

வெலிபோர் ஃபார்வர்டு.¹ பிறகு கோச்.² அவ்வளவுதான்.

¹ பத்தொன்பது வயதில் விர்பிட்சாவை விட்டுப் போனார். தலைநகரில் ஒரு பெரிய கிளப்பின் பெஞ்சில் இரண்டு வருடம். அங்கே மிக நன்றாக உட்கார்ந்தார் என்று பயிற்சியாளர் சான்றளித்திருக்கிறார். பிறகு கிரீஸில் ஒரு தீவு. பிறகு சைப்ரஸ், ஹங்கேரி, மால்டா, மறுபடி கிரீஸ். பதினெட்டு வருடத்தில் அறுபத்தொரு கோல். அதில் நாலு, பந்து தன் மேல் பட்டுத் தானாக உள்ளே போனது என்று அவரே பெருந்தன்மையாக ஒப்புக்கொள்கிறார். கிரீஸில் ஒரு கல்யாணமும் நடந்தது. ஊர் திரும்பும்போது அது கூட வரவில்லை. மைதானத்தின் நடுக்கோட்டைத் தாண்டித் தன் பாதிக்கு அவர் இறங்கி வந்ததில்லை. ஒரே ஒரு முறையைத் தவிர. ஹங்கேரியில், சீசனின் கடைசி ஆட்டத்தில், கார்னர் தடுக்க ஆள் போதவில்லை என்று கோச் கையெடுத்துக் கும்பிட்டார். வெலிபோர் மனமிரங்கிப் பின்னால் ஓடி வந்தார், எம்பினார், வாழ்க்கையிலேயே மிக அழகான தலையடியை அடித்தார். தன் சொந்த வலைக்குள். அணி கீழ்ப் பிரிவுக்கு இறங்கியது. அன்று காலை அணியின் பஸ்ஸும் ஒரு பெட்ரோல் பங்கில் ரிவர்ஸ் எடுத்திருந்தது. இரண்டையும் சேர்த்து அவர் ஒரு முடிவுக்கு வந்தார். அந்த முடிவோடுதான் நாங்கள் எல்லோரும் பஸ்ஸில் போய்க்கொண்டிருக்கிறோம்.

² ஒன்பது வருடத்தில் ஆறு கிளப். எல்லா இடத்திலும் ஒரே திட்டம்: எல்லோரும் முன்னால். அவருடைய அணிகள் நாலுக்கு ஐந்து, ஐந்துக்கு ஆறு என்று தோற்கும். கூட்டம் கைதட்டி அனுப்பும். மறுநாள் கிளப்பிலிருந்து கடிதம் வரும். ஏழாவது எங்கள் ஒராஹ். ஒராஹ் என்றால் அக்ரூட் கொட்டை. எங்கள் கோல்கீப்பர் இந்த வருடம் மூன்று கோல் போட்டிருக்கிறார். எத்தனை வாங்கினார் என்று கேட்காதீர்கள்.

(முதல் அடிக்குறிப்பில் ஒரு முக்கியமான விஷயத்தை விட்டுவிட்டேன். மேலே போய்ச் சேர்க்க முடியாது, இங்கேயே சொல்கிறேன். அந்தப் பதினெட்டு வருடமும் நவம்பர் எட்டுகளை அவர் ஓட்டல் அறைகளில் கழித்தார். சோப்புப் பெட்டியில் மெழுகுவத்தியை நிறுத்தி ஏற்றி வைப்பார். அழைக்க யாரும் இல்லை, வரவும் யாரும் இல்லை. விதியின் பாதியை ஊரில் விட்டுவிட்டு வந்ததை அவர் கவனிக்காமல் போனதற்கு அதுதான் காரணம். இது பின்னால் தேவைப்படும். அதாவது, முன்னால்.)

5.

மே ஆறு. புனித ஜார்ஜ் நாள். மாலை நாலு மணிக்கு வெளியூரில் ஆட்டம். நேரத்துக்குப் போய்ச் சேராவிட்டால் மூன்றுக்குச் சுழியம் என்று எதிரணிக்கு எழுதிவிடுவார்கள். அப்படித் தோற்றால் வெலிபோரின் இடத்துக்கு வர, கிளப் தலைவரின் மருமகன் சட்டை தேய்த்து வைத்துத் தயாராக இருந்தான்.

அது ஒரு பக்கம். இன்னொரு பக்கம், எங்கள் அணியோடு அது தெசாங்காவின் கடைசி நடை. திங்கட்கிழமையிலிருந்து அவளுக்கு வியன்னா வண்டி. வாரம் இரண்டு முறை போய் வர வேண்டும், தங்குவது பெரும்பாலும் அங்கேதான். பஸ் கிளம்பும்போதே எல்லோருக்கும் தெரியும். ஆட்டக்காரர்கள் ஆளுக்கொரு பூவைக் கொடுத்தார்கள். வெலிபோர் ஒன்றும் கொடுக்கவில்லை. முன்சீட்டில் உட்கார்ந்து, தொப்பியை மடியில் வைத்துச் சுற்றிக்கொண்டிருந்தார்.

ஐந்து வருடமாகத் தெசாங்கா அவருக்காக ஓட்டியிருக்கிறாள். குறுக்கே மாடு நின்றால் அது நகரும்வரை நிற்பாள். திரும்பத் தவறிவிட்டால் இருபத்திமூன்று கிலோமீட்டர் சுற்றி, ஆறு கிராமத்துக்குக் கையாட்டிவிட்டு மறுபடி அதே இடத்துக்கு வருவாள். ஒருமுறை ஒரு சவ ஊர்வலத்தின் பின்னால் மாட்டிக்கொண்டு, பின்வாங்க முடியாமல், அணி முழுவதும் கல்லறை வரை போய் மண் தள்ளிவிட்டு வந்தது. ரிவர்ஸில் கோப்பை வாங்கியவள் இதையெல்லாம் முணுமுணுக்காமல் செய்தாள் என்றால் அதற்கு என்ன அர்த்தம் என்று அணியில் பதினெட்டு பேருக்கும் புரிந்திருந்தது. அர்த்தம் புரியாதவர் முன்சீட்டில் இருந்தார்.

நெடுஞ்சாலையில் பள்ளம் வெட்டிப் போட்டிருந்தார்கள். மாற்றுப் பாதைப் பலகை காற்றில் விழுந்து கிடந்தது.

"இடதா, வலதா?" என்று தெசாங்கா கேட்டாள்.

"வலது," என்றார் வெலிபோர். அவர் எப்போதும் வலதுதான்.

வலதுபக்கப் பாதை கொஞ்ச தூரத்தில் சந்தாகியது. சந்து இரண்டு கற்சுவர்களுக்கு நடுவே ஒரு பஸ் அகலத்துக்கு நெளிந்தது. பிறகு பூமாலை கட்டிய ஒரு பெரிய கதவு திறந்து கிடந்தது. பஸ் அதற்குள் நுழைந்து, நாற்பது பேர் சாப்பிட்டுக்கொண்டிருந்த ஒரு முற்றத்தின் நடுவில், கோழிக்கூண்டுக்கு இரண்டடி முன்னால் நின்றது.

எல்லோரும் கரண்டியோடு எங்களைப் பார்த்தார்கள். யார் வீட்டிலோ ஸ்லாவா.

6.

வேறு நாட்டில் என்ன நடந்திருக்கும் என்று எனக்குத் தெரியாது. இங்கே வீட்டுக்காரர் திஹோமிர், தொழிலால் டிராக்டர் மெக்கானிக், முகமெல்லாம் மலர ஓடிவந்து பஸ் கதவைத் திறந்தார். அன்றைய நாளில் வாசலுக்கு வந்தவரை ஏன் வந்தீர்கள் என்று கேட்கக் கூடாது. யார் என்றுகூடக் கேட்கவில்லை. பச்சைச் சட்டை போட்ட இருபத்தைந்து பேரை எண்ணிப் பார்த்துவிட்டு, உள்ளே திரும்பி, "இன்னொரு ஆட்டுக்குட்டி," என்று மட்டும் சொன்னார்.

வெலிபோர் வழிதவறியதை விளக்க முயன்றார். திஹோமிரின் மனைவி அவர் வாயில் அவித்த கோதுமை இனிப்பை ஒரு கரண்டி வைத்து அடைத்துவிட்டாள்; உள்ளே வருகிறவர் முதலில் அதைத்தான் சாப்பிட வேண்டும். அதன்பின் யாரும் எதையும் விளக்கவில்லை. ஆட்டுக்கறி வந்தது, கோஸ் இலையில் பொதிந்த இறைச்சி வந்தது. எங்கள் தடுப்பாட்டக்காரன் போஷ்கோ, ஆட்டத்துக்கு முன்னால் ஒரு வாழைப்பழத்துக்கு மேல் தொடக் கூடாது என்று உத்தரவு வாங்கியவன், ஒன்பது பொதி தின்றான். பிளம் சாராயத்தோடு வந்தவர்களிடமிருந்து ஆட்டக்காரர்களின் டம்ளர்களைக் காப்பாற்ற வெலிபோர் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு மேசை மேசையாக ஓடினார். ஹங்கேரிக்குப் பிறகு அவர் தடுப்பாட்டம் ஆடியது அன்றுதான்.

மணி இரண்டே கால். மைதானம் இன்னும் பதினான்கு கிலோமீட்டர். பஸ்ஸை வளைத்துத் திருப்ப இடமில்லை; முன்னால் கோழிக்கூண்டு, அதன் பின்னால் வீடு, வீட்டின் பின்னால் ஆறு. வெளியே போக ஒரே வழிதான் இருந்தது, அதன் பெயரை யாரும் உச்சரிக்கவில்லை.

யோசனைகள் குவிந்தன. இன்ஜினை நிறுத்திவிட்டுக் கையால் பின்னால் தள்ளினால் அது ரிவர்ஸ் ஆகாது என்றான் போஷ்கோ, வாயில் பத்தாவது பொதியோடு. ஆகும் என்றார் வெலிபோர். பஸ்ஸில் யாரும் இல்லாமல் தள்ளினால்? அப்போதும் பஸ் பின்னால்தானே போகிறது என்றார். கடைசியில் ரொட்டியை ஆசீர்வதிக்க வந்திருந்த பாதிரியாரிடம் போனார்கள். அவர் தாடியைத் தடவிக்கொண்டு நிதானமாகத் தீர்ப்புச் சொன்னார்.

"கடவுளுக்கு கியர் கிடையாது. ஆனா நானும் ஒராஹ் ஆட்டத்தைப் பார்த்திருக்கேன். அதனால ரிஸ்க் எடுக்க வேண்டாம்."

தெசாங்கா எதிலும் கலந்துகொள்ளவில்லை. பஸ் படியில் உட்கார்ந்து ஆப்பிள் தின்றுகொண்டிருந்தாள். அவரே வாயைத் திறந்து கேட்கட்டும், கேட்டால் ஒரே மூச்சில் வெளியே எடுத்துவிடுவேன், கேட்காவிட்டால் இங்கேயே ராத்திரிச் சாப்பாடும் ஆகட்டும் என்று என்னிடம் சொன்னாள்.

அந்த நேரத்தில்தான் வெலிபோர் வாசல் பக்கம் பார்த்தார். திஹோமிரும் அவர் மனைவியும் பக்கத்தில் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார்கள். காலையிலிருந்து நின்ற கால்வலியில் இரண்டு பேரும் ஒருவர்மேல் ஒருவர் சாய்ந்திருந்தார்கள். அவள் ஏதோ சொன்னாள், அவர் சிரித்தார்.

வெலிபோரின் பார்வையைக் கவனித்த திஹோமிர் சாராயத்தோடு வந்து, உங்கள் வீட்டில் ஸ்லாவா எப்போது என்று கேட்டார். நவம்பர் எட்டு என்றார் வெலிபோர், பஸ் பக்கம் முகத்தைத் திருப்பி, வழக்கமான சத்தத்தில்.

"அந்தம்மா வருவாங்கல்ல?" என்று திஹோமிர் தெசாங்காவைக் காட்டினார்.

வருவதில்லை. ஐந்து வருடமாக வரவில்லை. பிரியம் இருந்தால் தானாக வருவார்கள், இல்லை என்றால் என்ன செய்வது என்று வெலிபோர் மெல்லிய குரலில் சொன்னார்.

திஹோமிர் சாராயக் குப்பியைக் கீழே வைத்தார். "நீங்க கூப்பிட்டீங்களா?"

"ஸ்லாவாவுக்குக் கூப்பிடக் கூடாதே."

"யோவ்," என்றார் திஹோமிர். பழகிய அரைமணி நேரத்தில் அந்த உரிமை வந்துவிட்டது. "முதல் தடவை கூப்பிடணும்யா. ஒரே ஒரு தடவை. அதுக்கப்புறம் சாகுற வரைக்கும் கூப்பிட வேண்டாம். முதல் தடவையே கூப்பிடலேன்னா எவ வருவா?"

"இது எப்போலேர்ந்து?"

"எப்போலேர்ந்தா? எப்பவுமே அப்படித்தான். இத்தனை வருஷம் நீ எங்கய்யா இருந்தே?"

கிரீஸ், சைப்ரஸ், ஹங்கேரி, மால்டா, மறுபடி கிரீஸ். ஹங்கேரியில் சொந்த வலைக்குள் பந்து போன கணத்தில் வெலிபோரின் முகம் எப்படி இருந்திருக்கும் என்பதை நான் அன்றுதான் பார்த்தேன்.

7.

இந்த இடத்தில் மூன்று முடிவுகள் என் கையில் இருக்கின்றன.

முதலாவது, என் வழக்கமான வாசகிகளுக்கு. வெலிபோர் "பின்னாடி எடுங்க" என்கிறார். தெசாங்கா கண்ணாடியை ஒரு பார்வை பார்த்து, இருநூறு மீட்டர் சந்தை ஒரே இழுப்பில் ரிவர்ஸில் கடக்கிறாள். சுவரில் ஒரு கீறல் இல்லை. அணி ஐந்துக்கு நாலு ஜெயிக்கிறது. கல்யாணம். (போஷ்கோ பத்துப் பொதி தின்றிருக்கிறான். அவனை வைத்துக்கொண்டு ஜெயிப்பதா? வாசகிகளுக்கும் ஒரு அளவு உண்டு.)

இரண்டாவது. நாற்பது விருந்தாளிகளும் பதினெட்டு ஆட்டக்காரர்களும் சேர்ந்து பஸ்ஸைத் தூக்கி, முற்றத்தின் நடுவில் அப்படியே திருப்பி வைக்கிறார்கள். பாதிரியார் பம்பரைப் பிடிக்கிறார். பஸ் பின்னால் போகவும் இல்லை, விதி உடையவும் இல்லை. (இதை உண்மையிலேயே முயன்றார்கள். பஸ் நகரவில்லை. பாதிரியாருக்கு முதுகு பிடித்துக்கொண்டது.)

மூன்றாவது. யாரும் எங்கும் போகவில்லை. தலைவரின் மருமகன் கோச் ஆகிறான். தெசாங்கா திங்கட்கிழமை வியன்னாவுக்கு ஓட்டுகிறாள். நவம்பர் எட்டில் ஜன்னலோர நாற்காலி— (இதை எழுதி முடிக்க என் கை வரவில்லை. இலக்கியத்துக்கு நல்லதாம். போகட்டும்.)

மூன்றும் வேண்டாம். நடந்ததை நடந்தவரை சொல்கிறேன்.

8.

மணி மூன்றே கால். தெசாங்கா எழுந்து, ஆப்பிள் நடுத்தண்டைக் கோழிகளுக்குப் போட்டுவிட்டு, ஓட்டுநர் சீட்டில் ஏறி உட்கார்ந்தாள். இன்ஜினைக் கிளப்பினாள். பஸ் உறுமிக்கொண்டு நின்ற இடத்திலேயே நடுங்கியது. ஆட்டக்காரர்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொருவராக ஏறினார்கள். திஹோமிர் ஆளுக்கொரு பொட்டலம் கொடுத்தார்.

வெலிபோர் ஏறவில்லை. பஸ்ஸைச் சுற்றி வந்து ஓட்டுநர் ஜன்னலுக்குக் கீழே நின்றார். தொப்பியைக் கழற்றினார். தெசாங்கா கண்ணாடியை இறக்கினாள்.

"கோச், நேரமாச்சு. ஒரு வார்த்தை சொல்லுங்க போதும். ஆனா நீங்களாத்தான் சொல்லணும்."

முற்றம் முழுவதும் மெல்லுவதை நிறுத்தியது. போஷ்கோ ஜன்னல் வழியே தலையை நீட்டினான். பாதிரியார் முதுகைப் பிடித்துக்கொண்டே எழுந்து நின்றார். அந்த வாயிலிருந்து இப்போது அந்தச் சொல் வரப்போகிறது என்று எல்லோரும் நினைத்தோம். வெலிபோர் தொப்பியை இடது கையிலிருந்து வலது கைக்கு மாற்றினார்.

அவர் சொன்னதைக் கேட்டுத் தெசாங்கா என்ன பதில் சொன்னாள், பஸ் எந்தப் பக்கம் நகர்ந்தது, கோழிக்கூண்டு தப்பியதா, நாலு மணிக்கு யார் எங்கே இருந்தார்கள் என்பதையெல்லாம் நான் எழுதப்போவதில்லை. அன்றைக்கு ஆட்டம் பார்த்தவர்கள் ஒரு மாதிரிச் சொல்கிறார்கள், விருந்தில் இருந்தவர்கள் வேறு மாதிரிச் சொல்கிறார்கள். ஐந்து வருடம் வாயை மூடிக்கொண்டு இருந்தவளுக்கு முடிவு சொல்ல என்ன யோக்கியதை இருக்கிறது? ஓட்டுநர் சீட்டு உங்களுக்கு. எந்த கியரையும் போட்டுக்கொள்ளுங்கள். கடைசி வரி மட்டும் என்னுடையதும் இல்லை, உங்களுடையதும் இல்லை. அவருடையது. அதில் ஒரு சொல்லைக்கூட நான் தொடவில்லை.

"தெசாங்கா, நவம்பர் எட்டு எங்க வீட்டுல ஸ்லாவா. நீ வரணும். உனக்காக வெச்சிருக்கற நாற்காலியில உக்காருறதுக்கு இல்ல. என்கூட வாசல்ல நிக்கறதுக்கு."